இங்கே யாரும் தங்குவதில்லை

உட்காரச் சொன்னதற்கு நன்றி ஐயா. அரசாங்கக் கட்டடத்தில் என்னை நாற்காலி போட்டு உட்காரச் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். நில அலுவலகத்தில் நான் நின்ற நிலைக்கு அங்கே தரையில் என் கால் தடம் பதிந்திருக்க வேண்டும். சுவர் ஓரமாக நிற்பேன். சாய்ந்தால் சுவரில் அழுக்குப் படியும் என்று பியூன் திட்டுவார், அதனால் சாயாமல் நிற்கப் பழகிக்கொண்டேன். இப்போது முதுகுக்குப் பின்னால் பலகை இருப்பதே எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

அவசரம் இல்லை, நிதானமாகச் சொல் என்றீர்கள். எனக்கும் அவசரம் இல்லை. நடுவில் தண்ணீர் மட்டும் கேட்பேன். சிமெண்ட் தூசியில் நின்றவனுக்குத் தொண்டை எப்போதும் காய்ந்துதான் இருக்கும்.

என் தொழில் உறை போடுவது. கிணற்றுக்குள் இறக்குகிற வட்டச் சிமெண்ட் உறை, கழிவுத் தொட்டிக்கு அடுக்குகிற உறை, அதற்கு மூடி. இரும்பு அச்சை நிறுத்தி, உள்ளே கம்பி வளையம் வைத்து, கலவையைக் கொட்டிக் குத்த வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றி, ஈரச் சாக்கு சுற்றி, தண்ணீர் விட்டு விட்டு ஆறவைக்க வேண்டும். இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. இடம்தான் வேண்டும். ஈர உறையை நகர்த்தக் கூடாது, காய்ந்ததை அடுக்க வேண்டும், லாரி உள்ளே வந்து திரும்ப வேண்டும். சொந்தமாக அவ்வளவு இடம் வைத்திருக்கிறவன் எதற்கு உறை போடப் போகிறான்?

எங்கள் இடம் கால்வாய்க் கரையில் இருக்கிறது. நிலம் அரசாங்கத்துடையது. கரையோரம் வரிசையாகப் பட்டறைகள், எங்களுடையது கடைசி. பக்கத்தில் ஜன்னல், கேட் செய்கிற வெல்டிங் பட்டறை. அதன் முதலாளியைக் கண்ணாடி என்றுதான் வரிசையில் கூப்பிடுவோம். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே சாப்பிடுவார், கல்யாண வீட்டுக்கும் அப்படியே போய் நிற்பார். நேற்று பட்டறைக்கு உங்களைக் கூட்டிவந்தவர் அவர்தான் என்று தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை, நல்ல மனுஷன்.

அந்த இடத்தை முதலில் பிடித்தது நான் இல்லை. என் அத்தான், அக்காள் புருஷன். முள்ளை வெட்டி, மேட்டைத் தட்டி, கால்வாய்ச் சகதியில் கல்லும் மண்ணும் கொட்டி நிரவி, லாரி நிற்கிற அளவுக்குத் தரையைக் கெட்டியாக்கியவர் அவர். பிறகு என்னைத் தொழிலில் சேர்த்துக்கொண்டார். "மச்சான், உனக்குப் பாதி, எனக்குப் பாதி, உங்க அக்காவுக்கு முழுசு" என்று சொல்லிச் சிரிப்பார். குரல் அப்படி ஒரு குரல். அவர் இந்தக் கரையில் பேசினால் அந்தக் கரையில் பதில் சொல்வார்கள். அக்கா இறந்தபோதுகூட அந்தக் குரல் உடையவில்லை. ஒரே மகளைக் கட்டிக்கொடுத்து வெளியூர் அனுப்பிய பிறகு சற்று இறங்கியது. அப்புறம் ஒரு காலை, கலவையைப் புரட்டிக்கொண்டே இருந்தவர் மண்வெட்டியோடு சாய்ந்தார். பக்கவாதம். வலப்பக்கம் அப்படியே போய்விட்டது.

பேச்சும் போனது, ஒரு சொல்லைத் தவிர. சரி. அது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியது. சிலருக்கு அப்படி ஆகும், என்ன சொல்ல நினைத்தாலும் அந்த ஒரு சொல்தான் வாயில் வரும் என்று டாக்டர் சொன்னார். பசித்தால் சரி. வலித்தால் சரி. சோறு பிடிக்காவிட்டால் தட்டைத் தள்ளிக்கொண்டே சரி. கோபம் வந்தால் கழுத்து நரம்பு புடைக்கச் சரி, சரி, சரி. "இப்படி ஒரு ஆளு எனக்குச் சம்பந்தியா வாய்ச்சிருந்தா எம் பொண்ணு கல்யாணம் எவ்வளவு லேசா முடிஞ்சிருக்கும்" என்று கண்ணாடி கேலி செய்வார். அத்தானும் பாதி வாயால் சிரிப்பார்.

எந்தச் சரி எதற்கு என்பது போகப் போக எனக்குப் பிடிபட்டுவிட்டது. முகத்தைப் பார்க்கவே வேண்டாம், குரலே போதும். அவர் மகளுக்கு அது வரவில்லை. போனில் அப்பாவிடம் பேசிவிட்டு என்னைத்தான் கேட்பாள், "மாமா, அப்பா இப்ப என்ன சொன்னாரு?" நான் எடுத்துச் சொல்வேன். சில நேரம் நல்லதாக நானே சேர்த்தும் சொல்வேன்.

வைத்தியம் முடிந்தபோது கையில் காசு இல்லை, வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு இருவரும் பட்டறைக் கொட்டகைக்கே வந்துவிட்டோம். தகரக் கூரை, ஒரு இரும்புக் கட்டில், கீழே என் பாய். காலையில் அவரைத் துடைத்துவிட்டு, துணி மாற்றி, கஞ்சி ஊட்டி, ஒரு பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்துவிட்டுத்தான் அச்சைத் தொடுவேன். நடுவில் புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். அவருக்குப் புண் வந்ததே இல்லை. அதை யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது வேண்டுமென்றால் இடக்கையில் இருக்கும் ஸ்டீல் டம்ளரால் கட்டில் காலில் தட்டுவார். நான் கலவையில் கை வைத்ததும் தட்டுவார். ஒரு வாய் சோறு அள்ளியதும் தட்டுவார். கண்ணை மூடினால் தட்டுவார். அவரைக் குறை சொல்லவில்லை. நான் இருக்கிறேனா என்று பார்க்கத்தான் பாதி நேரம் தட்டினார் என்று நினைக்கிறேன்.

எனக்கும் ஒரு பெண் வீட்டார் பார்க்க வந்தார்கள். கட்டிலைப் பார்த்தார்கள். டீ ஆறுவதற்குள் எழுந்து போய்விட்டார்கள். வரிசை முழுக்க என்னைப் புகழ்ந்தது. கூடப்பிறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான் என்றார்கள். புகழ்ந்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். எனக்கு அலுப்பாக இருந்தது ஐயா. வேலை செய்த அலுப்பு என்றால் படுத்து எழுந்தால் போய்விடும். இது எழுந்திருக்கும்போதே கூட எழுந்தது.

அத்தானின் மகளையும் சொல்ல வேண்டும். மாடி வீட்டில் குடியிருந்தாள், செங்குத்தான படி. "கீழ்வீடு ஒண்ணு கிடைக்கட்டும் மாமா, அப்பாவை நான் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வாள். சொல்கிறவர்கள் சொல்லத்தான் செய்வார்கள் என்று விட்டுவிட்டேன். "பாத்துக்கலாம்மா, உனக்கு எதுக்குக் கவலை" என்பேன்.

இப்படி இருக்கும்போதுதான் நில அலுவலகத்திலிருந்து அறிவிப்பு ஒட்டினார்கள். கரையில் தொழில் செய்கிறவர்கள் நிலத்தைப் பயன்படுத்த உரிமம் வாங்க வேண்டும், வாங்காதவர்களை அகற்றிவிடுவார்கள். அத்தானால் கையெழுத்துப் போட முடியாது. அதனால் என் பெயரில் விண்ணப்பம் போட்டேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். "அத்தான், எம் பேர்ல போட்டுடட்டுமா?" என்றேன். "சரி" என்றார். அது எந்தச் சரி என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

உரிமம் தொழிலுக்கு மட்டும்தான், குடியிருக்க இல்லை. சட்டத்தை யாரும் எடுத்துப் படிக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா, "படுக்கையப் பாத்தாங்கன்னா போச்சு" என்று யாரிடமோ சொன்னார், அது வரிசை முழுக்கப் பரவிவிட்டது. நாங்கள் எல்லோருமே பட்டறையிலேயே படுத்துக் கிடக்கிறவர்கள்தானே. அதனால் ஒரு பழக்கம் உண்டாக்கிக்கொண்டோம். துடைக்கிறது என்று அதற்குப் பெயர். சர்வேயர் வருகிறார் என்று தெரிந்தால் பாய், தலையணை, அடுப்பு, துணிக்கொடி எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கண்ணாடியின் மனைவி எங்காவது கொண்டுபோய் வைத்துவிடுவாள். அடுப்புச் சாம்பல் கால்வாய்க்குள் போகும். அவர் ஜீப் பாலத்தில் ஏறியதும் முதல் பட்டறைக்காரர் தொங்கவிட்ட இரும்புத் துண்டில் அடிப்பார், அடுத்தவர் தன்னுடையதில் அடிப்பார், சத்தம் கடைசியில் எங்களிடம் வந்து சேரும். ஒருமுறை டிங்கர் கடைக்காரர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டுச் சுவரில் சீப்பை மறந்துவிட்டார். அவர் முழு வழுக்கை. "இந்தச் சீப்பு யாருக்குய்யா?" என்று சர்வேயர் கேட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி அந்த மழைக்காலம் முழுக்கச் சிரித்தோம்.

எல்லோரும் பாயைச் சுருட்டினார்கள். என் கொட்டகையில் சுருட்ட முடியாத ஒருவர் இருந்தார்.

முதலில் அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வெளிநோயாளிகள் வரிசையில் மற்றவர்களோடு சும்மா உட்கார்ந்திருந்தோம். சர்வேயர் வரவில்லை. இன்னொரு முறையும் அப்படியே, அன்றும் அவர் வரவில்லை. அதற்கடுத்த முறை நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது வந்துவிட்டார். விண்ணப்பதாரர் இடத்தில் இல்லை என்று குறித்துவிட்டுப் போய்விட்டார். நான் அலுவலகத்துக்கு ஓடினேன். "இன்னொரு தடவை நீ இல்லன்னா ஃபைலை மூடிடுவாங்க. அப்புறம் புல்டோசர்தான் பேசும்" என்று குமாஸ்தா சொன்னார். அவரும் பாவம், என்னைப் பார்த்து அலுத்துப்போயிருந்தார்.

ஆக நான் இடத்தில் இருக்க வேண்டும், அத்தான் இருக்கக் கூடாது. வரிசையில் வேறு எங்கும் விடமுடியாது, அன்று எல்லாப் பட்டறையையும் பார்ப்பார்கள். யோசித்துப் பாருங்கள், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வாசலை ஒட்டி ஒரு கழிவுத் தொட்டிக்கான அடுக்கு இருந்தது. அடியில் தளம் போட்ட உறை, அதன்மேல் இரண்டு உறை. முட்டியை மடக்கினால் ஒரு ஆள் உள்ளே தாராளமாக உட்காரலாம். மூடி இரண்டு அரைவட்டமாக இருக்கும், ஒரே ஆள் தூக்கிவைக்கலாம். நடுவில் குழாய் விடுவதற்கான ஓட்டை, அதனால் காற்று வரும். முன்யோசனை இல்லாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். முந்தின நாளே உள்ளே பெருக்கி, சாக்கை மடித்து மெத்தைபோல் போட்டு வைத்திருந்தேன். முதுகுக்குத் தலையணை வைத்தேன். அவருக்கு வசதியாக இருக்க வேண்டும் என்றுதான் அதெல்லாம்.

இரும்புச் சத்தம் வந்தது. அவரைத் தூக்கினேன். உடம்பில் கனமே இல்லை. உள்ளே இறக்கி, இடக்கையில் டம்ளர் நிறையத் தண்ணீர் கொடுத்தேன். "கொஞ்ச நேரம்தான் அத்தான். அவர் போனதும் தூக்கிடறேன்" என்றேன். என்னையே பார்த்தார். அப்புறம் "சரி" என்றார். அந்தச் சரி எனக்குத் தெரியும். மகள் கல்யாணத்தன்று பேருந்து ஏறிப்போனபோது என் தோளில் கைபோட்டுக்கொண்டு நின்று ஒரு சரி சொன்னார், பேச்சு இருந்த காலத்தில், அந்த மாதிரி. நீ பார்த்துக்கொள்வாய் என்கிற சரி. மூடியை வைத்தேன்.

சர்வேயர் முன்பகலில் எங்கள் இடத்துக்கு வந்தார். வரிசை முழுக்க நடந்து களைத்திருந்தார். டேப் பிடிக்கிற ஆள் அளந்து சொன்னான், அவர் எழுதிக்கொண்டார். கொட்டகைக்குள் தலையை நீட்டிப் பார்த்தார். கட்டிலில் கம்பி வளையங்களை அடுக்கி வைத்திருந்தேன், அது கட்டில் மாதிரியே இல்லை. "சுத்தமா வச்சிருக்க" என்றார். ஒரு உறைமேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். போய்விட்டார்.

அன்று சாயங்காலம் பாயும் அடுப்பும் வரிசைக்குத் திரும்பி வந்தன. அத்தான் எங்கே என்று கண்ணாடி கேட்டார். முதியோர் காப்பகம் ஒன்றில் இடம் கிடைத்தது, வண்டி வந்து கூட்டிப்போனார்கள் என்றேன். துடைக்கிற குழப்பத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எவர் பார்த்தார்கள்? கண்ணாடி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இத்தனை நாள் பாத்தியே, அதுவே பெரிசு. இனிமேலாவது உனக்குன்னு வாழு" என்று சொல்லி டீ வாங்கிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, அது நடிப்பு இல்லை.

உரிமம் வந்தது. மரச்சட்டம் போட்டுக் கொட்டகைச் சுவரில் மாட்டினேன்.

பிறகு மகளின் போன். காப்பகத்தில் போன் வசதி இல்லை, நான் போகும்போது பேசவைக்கிறேன் என்று கொஞ்ச நாள் தள்ளினேன். அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தத் தோளில்தான் தூக்கித் திரிந்தேன், அவள் அழுதால் எனக்குத் தாங்காது. அவளுக்கு எந்தச் சரி எது என்று தெரியாது என்றேனே. அதனால் நானே பேசினேன். அத்தான் மாதிரி வாயை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு பேசினால் குரல் அப்படியே வருகிறது. "அப்பா, சாப்டீங்களா?" சரி. "அங்க நல்லாப் பாத்துக்கறாங்களா?" சரி. "என் மேல கோவமாப்பா?" அதற்குக் கொஞ்சம் நேரம் விட்டு, மெதுவாக, சரி. அவளுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? அப்புறம் வாராவாரம் பேசினோம். அவள் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னாள்.

நேற்று முன்னறிவிப்பு இல்லாமல் வந்து நின்றாள், ஒரு வேனோடு. வேனுக்குள் படுக்கை விரித்திருந்தது. "கீழ்வீடு கிடைச்சிடுச்சு மாமா. அப்பாவுக்குத் தனி ரூம், கக்கூஸ் பக்கத்துலயே. எந்தக் காப்பகம்னு சொல்லுங்க, இப்பவே போய்க் கூட்டிட்டு வந்துடலாம்" என்றாள். வெயிலில் வந்த களைப்பு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்த உறை அடுக்கின்மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"அதுல உக்காராதம்மா" என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. எங்கள் பட்டறையில் நாற்காலி கிடையாது. வருகிறவர்கள் எல்லோரும் உறைமேல்தான் உட்காருவார்கள், அவளும் சின்ன வயதிலிருந்து அப்படித்தான். இறங்கி நின்று என்னைப் பார்த்தாள், பிறகு குனிந்து மூடியைப் பார்த்தாள். கண்ணாடியும் வேலியோரம் வந்து நின்றார். "மூடிய எதுக்குப் பூசி வச்சிருக்க?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. உறையும் மூடியும் தனித்தனியாக விற்கிற சரக்கு, பட்டறையில் வைத்து யாரும் ஒட்டிப்பூச மாட்டார்கள். குழியில் இறக்கிய பிறகுதான் பூசுவார்கள். எத்தனை பேர் அந்த அடுக்கை விலைக்குக் கேட்டார்கள், இல்லை என்று அனுப்பினேன். வாசனை ஏதாவது வந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். என் தொட்டியில் கசிவு என்று இதுவரை ஒருவரும் திரும்பி வந்ததில்லை ஐயா.

கண்ணாடிதான் கடப்பாரை எடுத்துவந்தார். அவள் பார்க்க வேண்டாம் என்று சொன்னேன். யாரும் நான் சொன்னதைக் கேட்கவில்லை.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

சர்வேயர் போனதும் திறந்திருக்கலாமே, உரிமத்துக்காக ஒரு உயிரையா என்று கேட்டீர்கள். நேற்று கண்ணாடியும் அதைத்தான் கேட்டார். உரிமத்துக்காக என்று நீங்கள் எழுதியும் விட்டீர்கள். நானும் இத்தனை நாள் எனக்குள்ளே அப்படித்தான் சொல்லிவந்தேன். ஆனால் உட்காரவைத்து மரியாதையாகக் கேட்கிறீர்கள், தப்பாக எழுதவிட எனக்கு மனம் வரவில்லை.

சர்வேயர் தாளை வைத்து எழுதினார் என்றேனே, அது அந்த அடுக்கின்மேல்தான். மேஜை உயரத்துக்குத் தோதாக இருந்தது, வாசலை ஒட்டியும் இருந்தது. ஓட்டையின் மேலேயே தாளை விரித்தார். உள்ளே அத்தான் தண்ணீரைக் குடித்து முடித்திருக்க வேண்டும். டம்ளரால் தட்டினார். "என்ன சத்தம்?" என்று சர்வேயர் கேட்டார். "உறை காயுதுங்க. வெயிலுக்கு அப்படித்தான் தட்டும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

அப்புறம் எழுதிக்கொண்டே, "ராத்திரி காவலுக்கு யாரு?" என்றார்.

"இங்க யாரும் தங்கறதில்லீங்க" என்றேன். வரிசையில் எல்லோரும் மனப்பாடம் பண்ணி வைத்திருந்த பதில்.

அவர் பேனாவை மூடினார். "காலையிலருந்து எல்லாரும் இதையே சொல்றீங்க. எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிட்டு நிக்கிறீங்க, எனக்குத் தெரியாதா? குடும்பம் நடத்தக் கூடாதுன்னுதான்யா சட்டம். காவலுக்கு ஒரு ஆளு தாராளமாத் தங்கலாம். கட்டில் போட்டுக்கலாம், கஞ்சி வச்சுக்கலாம். வீட்டுல வயசானவங்க யாராவது இருந்தா சொல்லு, காவலாளின்னு எழுதிடறேன். மத்தவங்களுக்கும் சொல்லிடு" என்றார்.

தட்டுகிற சத்தம் நின்றுவிட்டது. அத்தானுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

ஒரு பெயரைச் சொன்னால் போதும். தாள் விரிந்திருந்தது, அவர் பேனாவை மறுபடி திறந்து பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு அப்போது என்ன தோன்றியது என்றால், இந்தப் பெயரைச் சொல்லிவிட்டால் அந்தக் கட்டில் சட்டப்படியே அங்கே இருக்கும். காலையில் துடைத்துவிடுவதும், புரட்டுவதும், தட்டுவதும், உரிமம் இருக்கிற காலம் வரைக்கும். ஒளித்து வைத்த அந்தக் கொஞ்ச நேரத்தில் கொட்டகை எவ்வளவு அமைதியாக இருந்தது என்று நான் பார்த்துவிட்டேன். அதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

"அப்படி யாரும் இல்லீங்க" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார், போய்விட்டார். மற்றவர்களுக்குச் சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. வரிசையில் இன்றைக்கும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், முடிந்தால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

நான் கொட்டகை நிழலில் உட்கார்ந்தேன். எழுந்திருக்கத்தான் உட்கார்ந்தேன். தூங்கிவிட்டேன். அப்படி ஒரு தூக்கம் எனக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. முழிக்கும்போது வெயில் தாழ்ந்திருந்தது. மறுபடி தட்டிக்கொண்டிருந்தார், மெதுவாக. பாயும் அடுப்பும் திரும்பி வருகிற நேரம். கலவை போட்டேன். மூடியின் இடுக்கைச் சுற்றிப் பூசினேன். பூசும்போது சத்தம் நின்றிருந்ததா என்றுதானே அடுத்துக் கேட்பீர்கள்? ஈரப் பூச்சுக்கு அதிர்வு ஆகாது ஐயா, வெடிப்பு விட்டுவிடும். அதனால் இடக்கையை மூடிமேல் அழுத்தி வைத்துக்கொண்டு வலக்கையால் பூசினேன்.

ஓட்டை மட்டும் கடைசியாக இருந்தது. அதை அடைப்பதற்கு முன் குனிந்து, "அத்தான், மூடிடட்டுமா?" என்று கேட்டேன்.

"சரி" என்றார்.

அதையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அவரைக் கேட்காமல் நான் எதுவும் செய்ததில்லை.